அக்டோபர் தேதி

வட டகோட்டாவில் அந்த வருடம்
ஒரே கோதுமை
வயலில் முதல் தரமாக இருந்தது,
வண்டியில் இரண்டாம் தரம்,
ரயிலடிக் கிடங்கின் தராசில் ஏறியதும்
நாலாம் தரம்.

கிடங்குக்காரர் ஹோவ்லாண்ட் ஒரு பிடி அள்ளுவார்,
ஊதுவார், "ஈரம்" என்பார்.
எட்டு வாரமாக மழை முகம் காணாத ஊரில்
ஈரம்.
தூசிக்கென்று தனியாகக் கழிப்பார்.
கழித்த தூசியைத் திருப்பிக் கேட்டால் தரமாட்டார்,
அதையும் மினியாபொலிஸில் விற்றார்.

தலைநகருக்கு மனு எடுத்துப் போனோம்.
வாங்கியவர் அதன்மேல்
காப்பிக் கோப்பையை வைத்தார்.

அந்தப் பனிக்காலத்தில்தான்
ஆர்னே ஸ்குலாண்ட் ஃபோர்டு காரில் வந்தான்,
ஆலங்கட்டி இரண்டு முறை தின்ற நிலத்துக்காரன்.
சங்கச் சந்தா பதினாறு டாலர் என்றான்.
வீட்டில் பதினாறு சென்ட் இருந்தது.
காசோலை எழுதுங்கள், தேதி மட்டும்
அக்டோபர் போடுங்கள், என்றான்.
விதைக்காத கதிரை நம்பி
வராத மாதத்தில் கையெழுத்திட்டார் எய்னார்.
மை ஒற்றியது நான்.

வட்டாரக் கணக்கும் என்னிடம் வந்தது.
நாற்பது மைலில் என் எழுத்து மட்டும்
படிக்கும்படி இருந்ததாம்.
ஓட்டில்லாத எனக்கு
ஒரு நோட்டு.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம்,
வேகமாகத்தான் நடந்தது.
வைக்கோல் வண்டி மேடையானது.
கூட்டம் முடியும் முன்பே ஐஸ்கிரீம் தீர்ந்தது.
ஸ்டெங்கெலின் வீட்டில் ரஷ்ய ஜெர்மன்காரர்களும்
எங்கள் வீட்டு நார்வேக்காரர்களும்
ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாமல்
ஒரே ஆளைத் திட்டினார்கள்.
ஜூனில் ஓட்டு. ஜெயித்தோம்.

சட்டமன்றப் படிக்கட்டில் எங்கள் ஆட்கள் நிற்கும்
புகைப்படம் ஒன்று உண்டு.
கழுத்தை இறுக்கும் புதுக் காலர்,
வெயில் தின்ற முகம்,
தொப்பி மறைத்த நெற்றி மட்டும்
வெள்ளை வெளேரென்று.
மாநிலத்துக்கே ஒரு வங்கி என்றார்கள்,
மாநிலத்துக்கே ஒரு மாவாலை.
எய்னார் அன்றிரவு தூங்கவில்லை.
மாடு ஈனும் இரவுகளில் மட்டும்
அப்படி நடந்து பார்த்திருக்கிறேன்.

யுத்தம் வந்தது.
ஒரு காலை எழுந்தால் கதவெல்லாம் மஞ்சள் சாயம்.
வாசலில் மஞ்சள் பூசினால் மங்கலம் என்கிற ஊர்கள்
எங்காவது இருக்கலாம்.
எங்கள் ஊரில் அதற்கு
தேசத்துரோகி என்று பொருள்.
டர்பன்டைன் போட்டுத் தேய்த்தேன்.
மரத்தின் ரேகைக்குள் போனது
வரவில்லை.

அதற்கும் அசையவில்லை நாங்கள்.
அசைத்தது விலை.
இரண்டு டாலர் எழுபதுக்கு விற்ற கோதுமை
ஒரு டாலருக்கு வந்தபோது
அக்டோபர் தேதியிட்டவை எல்லாம்
வங்கியிலிருந்து திரும்பி வந்தன,
தபாலில், எனக்கு.
ஆர்னே மட்டும் புதுக் காரில் வந்தான்.
எப்படி வாங்கினாய் என்று எய்னார் கேட்டார்.
கேட்டிருக்கக் கூடாது.
கேட்காமலும் இருந்திருக்க முடியாது.
வண்டியைத் திருப்பியவன்
எங்கள் வேலிக்கம்பம் ஒன்றைச் சாய்த்துவிட்டுப் போனான்.

எங்கள் ஆட்களைத் திரும்ப அழைப்பதா என்று
மறுபடி ஓட்டு வைத்தார்கள்.
அதற்குள் எனக்கும் ஓட்டு வந்திருந்தது.
பள்ளிக்கூடச் சாவடியில் மூன்று ஓட்டில் தோற்றோம்.
போகும்போது இருவரும் ஒரே வண்டியில் போனோம்,
வரும்போதும்.
அந்த மூன்றில் ஒன்று அவருடையதா
என்று நான் கேட்கவில்லை.
குதிரையின் காதையே பார்த்தபடி ஓட்டினார்.

ஹோவ்லாண்ட் இப்போதும் "ஈரம்" என்கிறார்.
கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்,
அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஆலை எழும்பிவிட்டது, ஓடுகிறது.
நேற்று அந்த மாவில் ரொட்டி சுட்டேன்.
நன்றாக உப்பியிருக்கிறதே, எந்த மாவு, என்றார் எய்னார்.
கடை மாவு என்றேன்.
இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார்.